ஜி. ஹாரி ஸ்டைன்

ஜி. ஹாரி ஸ்டைன் (மார்ச் 26, 1928 – நவம்பர் 2, 1997) அமெரிக்க ஏவூர்தி வல்லுநரும் எழுத்தாளரும் ஆவார். சிறுவர்களும் பாதுகாப்பாகப் பறக்கவிடக்கூடிய மாதிரி ஏவூர்தி (ராக்கெட்) துறையின் முன்னோடிகளுள் ஒருவர். லீ கோரி என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதைகளும் எழுதினார்.

வாழ்க்கை

பிலடெல்பியாவில் பிறந்த ஸ்டைன், கொலராடோ கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைக் களத்தில் பணியாற்றினார்.

மாதிரி ஏவூர்தி

1950களில் அமெரிக்கச் சிறுவர் பலர், தாமே கலந்த எரிபொருளை உலோகக் குழாய்களில் அடைத்து ஏவூர்தி செய்ய முயன்றனர். அவை வெடித்துச் சிதறியதால் பலர் காயமுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது.

1957இல் ஏவூர்திப் பாதுகாப்புக் குறித்து ஸ்டைன் எழுதிய கட்டுரையைப் படித்த நெப்ராஸ்காவின் காலணி வணிகர் ஓர்வில் கார்லைல், தாம் 1954இல் சகோதரருடன் உருவாக்கிய சிறு ஏவூர்திகளை அவருக்கு அனுப்பினார். காகிதக் குழாயும் பால்சா மரத் துடுப்புகளும் கொண்ட அவை, மாற்றக்கூடிய ஆயத்த இயந்திரத்தால் மேலெழுந்து வான்குடை மூலம் தரையிறங்கின. எனவே, சிறுவர் எரிபொருளைக் கலக்கத் தேவையில்லை. ஒரே ஏவூர்தியை மீண்டும் மீண்டும் பறக்கவிடலாம்.

இவற்றைச் சோதித்த ஸ்டைன், அதே ஆண்டில் தேசிய ஏவூர்தியியல் சங்கத்தை நிறுவினார். உலோக உடலைத் தவிர்த்தல், தொலைவிலிருந்து மின்சாரத்தால் பற்றவைத்தல் முதலியன இத்துறையின் பாதுகாப்பு விதிகளாயின. 1965இல் வெளியான இவரது மாதிரி ஏவூர்தியியல் கையேடு பல பதிப்புகளைக் கண்டது.