கைகளைக் கோக்க வைத்தவர்

தொலைக்காட்சியின் முன்னே பாட்டியும் பேரனும் நிற்கிறார்கள். இருவர் கையிலும் சிறு கோல் ஒன்று. பாட்டி கையை வீசத் திரையில் டென்னிஸ் பந்து பறக்கிறது. பேரன் பதிலுக்கு வீசுகிறான். சுற்றியிருப்போர் கைதட்டி ஆரவாரிக்கின்றனர். 2006-ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘வீ’ என்னும் கருவி, இத்தகைய காட்சியை உலகெங்கும் உள்ள இல்லங்களில் அரங்கேற்றியது. பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. அக்கருவியை ஆக்கியோர் நடந்த பாதையை முன்பே வகுத்துத் தந்தவர், அதைக் காணாமலே மறைந்த குன்பெய் யோகோய் ஆவார்.

யோகோய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். 1889-இல் தோன்றிய அந்நிறுவனம் அப்போது சீட்டுக்கட்டுகளுக்கே பெயர் பெற்றிருந்தது. சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பதே இவர் வேலை. ஓய்வு நேரத்தில், நீண்டு சுருங்கும் செயற்கைக் கை ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்தார். தலைவர் யமவுச்சி அதைக் கண்டுவிட்டார். அழைப்பு வந்ததும், திட்டு நிச்சயம் என்றே யோகோய் எண்ணினார். ஆனால் அதையே விற்பனைப் பொருளாக்கும்படி கட்டளை கிடைத்தது. 1966-இல் வெளிவந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

1969-இல் ‘லவ் டெஸ்டர்’ என்னும் அன்புமானியைப் படைத்தார். ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கைகளைக் கோக்க வேண்டும். உடல் வழியே செல்லும் நுண்ணிய மின்னோட்டம் முள்ளை நகர்த்தும். நம் இயற்பியல் ஆய்வகத்துக் கால்வனாமீட்டரின் தத்துவமே அது! அதைக் கொண்டு, பேசக் கூசிய இருவரைக் கைகோக்க வைத்துவிட்டார். 1970-இல் ஒளித்துப்பாக்கி விளையாட்டுகளும் வந்தன. வீட்டுக்குள்ளேயே நின்று குறிபார்த்துச் சுடலாம்.

புதிய விலையுயர்ந்த தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகி மலிந்துபோன ஒன்றைப் புதிய வழியில் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை. 1989-இல் வந்த ‘கேம் பாய்’ இதற்குச் சான்று. போட்டியாளர்கள் வண்ணத் திரையை நாடியபோது, இவர் வண்ணமற்ற திரையே போதும் என்றார். விலை குறைந்தது, மின்கலம் நீண்ட நேரம் உழைத்தது. ஒரு கம்பியால் இரு கருவிகளை இணைத்து நண்பர் இருவர் ஆடவும் முடிந்தது.

வெற்றி கண்டவர் தோல்வியும் கண்டார். 1995-இல் வந்த ‘விர்ச்சுவல் பாய்’ கருவியில் முகத்தைப் புதைத்துச் செந்நிறப் படங்களைக் காண வேண்டும். ஆடுபவர் தனித்துப் போனார். அருகில் இருப்போர்க்கு எதுவும் தெரியாது. ஓராண்டுக்குள் அதன் உற்பத்தி நின்றது. கைகோக்க வைத்தவரின் கருவியே மனிதரைப் பிரித்தது விதியின் விளையாட்டுப் போலும்!

1996-இல் நின்டெண்டோவை விட்டு விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள், நெடுஞ்சாலையில் நேர்ந்த சிறு மோதலைப் பார்க்கக் காரிலிருந்து இறங்கியவர் மீது மற்றொரு கார் மோதியது. ஐம்பத்தாறு வயதில் அவ்வாழ்வு முடிந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த ‘வீ’யின் கோலில், கையசைவை உணரும் முடுக்கமானி இருந்தது. கார்களின் காற்றுப்பையை விரியச் செய்வதற்கு முன்பே பழகிப்போன பொருள்தான் அது. படங்களின் நேர்த்தியில் போட்டிக் கருவிகள் முந்தின. ஆனால் பாட்டியை நாற்காலியிலிருந்து எழுப்பியது இதுவே.

நண்பர்களே, விடுதி அறையில் நால்வர் இருந்தும் நான்கு கைபேசிகளில் நாம் மூழ்கிக் கிடக்கிறோம். லவ் டெஸ்டர், விர்ச்சுவல் பாய் இரண்டும் ஒருவர் கையிலிருந்தே பிறந்தவை. அவற்றுள் எதன் வழி நாம் செல்கிறோம் என்று சிந்திப்போமாக!