சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம்

நீதியைக் கேட்டால் இரக்கம் போய்விடும், இரக்கம் காட்டினால் நீதி கெட்டுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மிலான் ஆயர் புனித அம்புரோசியார் அப்படி எண்ணியவரல்லர். முன்பு ஆளுநராக இருந்து நீதி வழங்கியவர். 374-ம் ஆண்டு, ஞானஸ்நானங்கூடப் பெறாதிருக்கையில் ஆயராகத் தெரிந்துகொள்ளப்பட்டவர்.

390-ல் தெசலோனிக்கா நகரில் கலகம் மூண்டது. மக்கள் கொண்டாடிய தேரோட்டி ஒருவனைச் சிறையிலிட்ட படைத்தலைவனைக் கும்பல் கொன்றுபோட்டது. தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி கடுங்கோபங்கொண்டார். அவர் கட்டளையால் ஆயிரக்கணக்கானோர் வெட்டுண்டு மாண்டனர். குற்றவாளி யார், மாசற்றவர் யார் என்ற விசாரணையே இல்லை.

ஆயர் கோவில் வாசலில் மன்னரை மறித்து நின்றதாகப் படங்களில் காண்கிறோம். அது பிற்காலத்தார் கூட்டிச் சொன்னது. அவர் செய்தது, தம் கைப்பட ஒரு கடிதம் எழுதியதே. மன்னர் மட்டும் படிக்கவேண்டிய கடிதம் அது. ஊரறிய அவமானப்படுத்த அவர் விரும்பவில்லை. தாவீது அரசரைப்போல் மனஸ்தாபப்படும்படி மன்றாடினார். ஆனால் மன்னர் முன்னிலையில் பலி ஒப்புக்கொடுக்கத் தம்மால் இயலாதென்பதையும் மறைக்கவில்லை.

மன்னர் பணிந்தார். அரச அணிகளைக் களைந்து, கோவிலில் எல்லாரும் காண அழுதார். அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் நாளில் நற்கருணைப் பந்தியில் மீண்டும் சேர்க்கப்பட்டார். மாண்டவர்கள் மீளவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

395-ல் மன்னர் இறந்தபோது இரங்கற் பிரசங்கம் செய்தவர் அம்புரோசியாரே. அந்தப் பகிரங்கத் தவத்தை அதில் போற்றினார். தாம் அம்மனிதரை நேசித்ததாகவும் சொன்னார்.