சுடக் கற்ற சிறுவன், சுடாமல் இருக்கவும் கற்றான்

இமயமலைச் சாரலில் குமாவோன் என்று ஒரு மலைநாடு உண்டு. 1907-ம் ஆண்டு அங்கே சம்பாவத் என்ற ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் பகலில்கூடக் கதவுகள் திறக்கவில்லை. விறகு பொறுக்கப் போனவர்கள் திரும்பவில்லை. புல் அறுக்கப் போன பெண்கள் திரும்பவில்லை.

காரணம், ஒரு பெண் புலி. அது நேபாளத்தில் 200 பேரைக் கொன்றது. அங்கிருந்து விரட்டப்பட்டு, குமாவோனுக்கு வந்து 236 பேரைக் கொன்றது. மொத்தம் 436 உயிர்கள்!

அந்தப் புலியைச் சுட்டு வீழ்த்தியவர் ஜிம் கார்பெட். செத்துக் கிடந்த புலியின் வாயை அவர் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதியாக இருந்தது. கீழ்ப் பல் எலும்பு வரை போய்விட்டது.

எப்போதோ, யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது. பல் போன புலியால் மானைப் பிடிக்க முடியவில்லை. எனவே மனிதனைப் பிடித்தது.

சரியாகச் சுடத் தெரியாத ஒருவரின் ஒரு குண்டு, 436 குடும்பங்களை அழ வைத்துவிட்டது. இதைக் கார்பெட் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவரும் சிறு வயதிலேயே துப்பாக்கி பிடித்தவர்தான். ஆனால் அவருக்குக் கிடைத்த பாடம் வேறு.

தந்தையை இழந்த சிறுவன்

ஜிம் கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையக் குழந்தைகள். 1881-ல் தந்தை இறந்துபோனார். அப்போது ஜிம்முக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

குடும்பப் பாரம் மூத்த அண்ணன் டாமின் தோளில் விழுந்தது. தந்தை பார்த்த போஸ்ட் மாஸ்டர் வேலையையே டாமும் பார்த்தார். தம்பிக்கு அவர்தான் தந்தை, அவர்தான் குரு.

கோடையில் நைனிடாலில் வாசம். குளிர் காலத்தில் மலைக்குக் கீழே உள்ள காலாதுங்கியில் வாசம். காலாதுங்கி வீட்டை விட்டு இறங்கினால் காடு. மான், மயில், சிறுத்தை, புலி எல்லாம் அங்கே உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் பையனைத் துப்பாக்கி பக்கம் போகாதே என்று சொல்லித் தடுக்க முடியுமா? என்றைக்காவது அவன் அதைத் தொடத்தான் போகிறான்.

எப்போது தொடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் கவட்டைவில்

டாம் தம்பியின் கையில் முதலில் கொடுத்தது துப்பாக்கி அல்ல. ரப்பர் கட்டிய கவட்டைவில். அதன் பிறகு, மண் உருண்டை எறியும் வில். அதற்கும் பிறகு வில்லும் அம்பும். ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஜிம் துப்பாக்கிக்கு வந்தான்.

கவட்டைவில் வெகுதூரம் அடிக்காது. குறி தப்பாமல் அடிக்க வேண்டுமானால் பறவைக்குப் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போக வேண்டுமானால் சருகு சத்தம் கேட்கக்கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிய வேண்டும்.

இப்படித்தான் ஜிம் காட்டைப் படித்தான். எந்தப் பறவை எதைக் கண்டால் கத்தும், எந்த விலங்கின் கால் தடம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பறவைகளையும் விலங்குகளையும் தானாகவே இனம் இனமாகப் பிரித்து வைத்துக்கொண்டான்.

துப்பாக்கி கைக்கு வருமுன்பே கண்ணும் காதும் தயாராகிவிட்டன.

கரடி வந்தது, குண்டு பாயவில்லை

ஒரு நாள் டாம் தம்பியைக் கரடி வேட்டைக்கு அழைத்துப் போனார். ஓர் ஓடைப் பள்ளத்தில் அவனைத் தனியே உட்கார வைத்தார். கையில் ஒரு துப்பாக்கியையும் கொடுத்தார். கரடி நிச்சயமாகச் சாகும் என்று தெரிந்தால் மட்டும் சுட வேண்டும். இல்லாவிட்டால் சுடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்றில் மரங்கள் கிரீச்சிட்டன. சிறுவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கரடியும் வந்தது. ஆனால் ஜிம் சுடவில்லை.

பயம்தான் அவன் கையைக் கட்டியது. ஆனாலும் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பயந்த கை சுட்டிருந்தால் கரடிக்குக் காயம்தான் பட்டிருக்கும். காயம்பட்ட கரடி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விரிசல் விட்ட குழல்

பிறகு ஜிம்முக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி கிடைத்தது. குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி. யாரோ ஒரு சமயம் மருந்தை அதிகமாகப் போட்டுவிட்டதால் வலது குழல் ஆறு அங்குலத்துக்குப் பிளந்து போயிருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றியிருந்தார்கள்.

மருந்து ஒரு சிட்டிகை கூடினால் என்ன ஆகும்? அதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழலே தினம் தினம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் துப்பாக்கியோடு ஜிம் போய் நின்ற இடம், குன்வர் சிங்கின் வாசல். அவர் ஒரு கிராமத் தலைவர். காட்டைக் கரைத்துக் குடித்தவர். அவர் சிறுவனுக்குக் குறி பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை. முதலில் மரம் ஏறக் கற்றுக்கொள்ளச் சொன்னார்! ஏன் என்பதற்கு ஒரு கதையும் சொன்னார்.

ஹர் சிங் என்பவரும் அவரும் ஒரு முறை வேட்டைக்குப் போனார்கள். எதிரே புலி வந்தது. சுடாதே என்று குன்வர் சிங் தடுத்தார். ஹர் சிங் கேட்கவில்லை; சுட்டுவிட்டார். காயம்பட்ட புலி பாய்ந்து வந்து அவரை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, மரத்தைப் பிராண்டியது. குன்வர் சிங் ஆகாயத்தை நோக்கிச் சுட்டு அதை விரட்டினார். புலி போகும்போது ஹர் சிங்கின் வயிற்றைக் கிழித்துவிட்டுப் போனது. தலைப்பாகைத் துணியால் வயிற்றைக் கட்டி, காட்டு வழியே நடத்தியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ஹர் சிங் பிழைத்துக்கொண்டார்.

பத்து வருஷப் பள்ளிப் படிப்பு தராத பாடத்தை அந்த ஒரு கதை தந்தது.

தளபதி தந்த நிதானம்

ஜிம்முக்குப் பத்து வயதானபோது நைனிடால் தொண்டர் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்தான். ஒரு நாள் பெரிய மனிதர் ஒருவர் பயிற்சியைப் பார்வையிட வந்தார். அவர் முன்னால் சுடும்படி நாலு பொடியன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஜிம்மும் ஒருவன்.

படபடப்பில் ஜிம்முக்குக் குறி தப்பியது. வந்தவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்தார். துப்பாக்கியின் குறிக்கம்பியைச் சரிபார்த்தார். அவசரம் வேண்டாம், நிதானமாகச் சுடு என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர்தான் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ்.

அவசரப்படத் தோன்றியபோதெல்லாம் அந்தக் குரல் தம்மைத் தடுத்தது என்பதைக் கார்பெட் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

படையின் சார்ஜெண்ட் மேஜரும் நல்லவர். ராணுவ ரைபிளைப் பையனுக்கு இரவல் கொடுத்தார். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ரைபிளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சுட்ட தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு!

துப்பாக்கிக்குப் பதில் காமிரா

வளர்ந்த கார்பெட் ரெயில்வேயில் வேலை பார்த்தார். ஆட்கொல்லி விலங்குகளை ஒழிக்க மக்கள் அழைத்தபோதெல்லாம் போனார். 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-ல் சுட்டார். தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியை 1938-ல் சுட்டபோது அவருக்கு வயது 63.

புலிகள் ஏன் மனிதனைத் தின்கின்றன என்றும் அவர் ஆராய்ந்தார். முதுமை, முள்ளம்பன்றியின் முள், இவற்றோடு மனிதனின் குண்டும் ஒரு காரணம் என்று கண்டார். சுட்டுவிட்டு, காயம்பட்ட விலங்கைத் தேடிப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும் வேட்டைக்காரர்களால் ஏழை கிராமத்தார் சாகிறார்கள் என்று எழுதினார்.

நாளாக நாளாக, பொழுதுபோக்கு வேட்டையை விட்டுக் காமிராவை எடுத்தார். புலியைப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையப் பாடுபட்டார். அது இப்போது அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, எழுபதை நெருங்கிய வயதில், காட்டில் பிழைக்கும் வித்தையைப் படைவீரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1947-ல் சகோதரி மாகியுடன் கென்யா சென்றார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அங்கே காலமானார்.

பெற்றோருக்கு

கார்பெட்டுக்குக் கொடுத்தது போல, பிளந்த குழல் துப்பாக்கியை இன்று யாரும் ஒரு பிள்ளையிடம் கொடுக்கக்கூடாது. பத்து வயதுப் பையனைத் தனியே காட்டுக்கு அனுப்பவும் கூடாது. அது அந்தக் காலம். அவன் பிழைத்தது அதிர்ஷ்டமும்தான்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டம் வன விலங்கு வேட்டையைத் தடுத்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் பெற 21 வயது நிரம்ப வேண்டும். குறி பார்த்துச் சுடும் விளையாட்டைப் பழகும் பிள்ளைகள் சட்டம் விதித்த வயதில், பெரியவர்களின் கண்காணிப்பில் மட்டுமே பழகலாம்.

ஆனால் டாம் கடைப்பிடித்த முறை இன்றைக்கும் பொருந்தும். துப்பாக்கி மட்டுமல்ல, சைக்கிள், அரிவாள், அடுப்பு எதுவானாலும் சரி. பிள்ளைக்கு வயது வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வேண்டாம் என்றால் நிறுத்தத் தெரியுமா? தவறினால் என்ன ஆகும் என்று புரியுமா? கொடுத்ததற்குக் கணக்குச் சொல்லுமா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது. அதுவரை பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.