தூக்கணாங்குருவியைப் பார்த்திருந்தவர்

கலாநிதி சாலிம் அலியின் பெயரை உயிரியல் படிக்கும் மாணவிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவின் பறவைகளை ஆராய்ந்தவர், பத்ம விபூஷண் விருது பெற்றவர் என்று இரண்டு வரியில் அறிமுகத்தை முடித்துவிடுவார்கள். அவர் பட்டதாரி அல்லர், வேலையை இழந்தவர் என்பவை அந்த வரிகளில் வருவதில்லை. உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் எனக்கு அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1896 நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளையில்லாத மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் வளர்த்தார்கள். விளையாட்டுத் துப்பாக்கியால் குருவி சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் விழுத்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இதைச் சாப்பிடலாமா, ஹலாலா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். அது என்ன பறவை என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். மில்லார்ட் குருவியின் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. லாச்சிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். ஒரு சிறுவனின் பேணுதலில் இருந்து ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை தொடங்கியிருக்கிறது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். தீராத தலைவலி வேறு. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஒருவாறு சித்தியடைந்தார். பர்மாவில் குடும்ப வியாபாரத்தைக் கவனிக்கப் போனார், அது நட்டத்தில் முடிந்தது. பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பதவி கைகூடவில்லை. பம்பாய் நூதனசாலையில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை 1926இல் கிடைத்தது. இடையில் பேர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று 1930இல் திரும்பினால், பணமில்லை என்று நூதனசாலை அந்தப் பதவியையே நீக்கியிருந்தது.

மனைவி தஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத மனிதர் மறைவில் இருந்து நாள் முழுக்கப் பார்த்தார். நாருரித்து முடைவது ஆண் குருவி. பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் ஒன்று அங்கே தங்கிவிடும். ஆண் அதன் பிறகுதான் நீண்ட வாசற்குழாயையும் கட்டி முடிக்கும். அவள் முட்டையிட்டு அடைகாக்க, அவர் பக்கத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுவார், அடுத்த மனைவிக்காக. யாருக்கும் பிடிக்காத கூடு பாதியில் நின்றுவிடும். எங்கள் பகுதிகளில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பாமார் படும் பாட்டை நினைத்தால், இந்தக் குருவிப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள்தான்!

புதுக்குடியிருப்பில் வயலோரப் பனைகளில் இந்தக் கூடுகள் தாராளமாகத் தொங்கும். அடிப்பக்கம் திறந்தபடி தொப்பி போலத் தொங்குபவற்றைக் காற்றில் பிய்ந்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவற்றுள் பல, பெண் குருவி வேண்டாமென்று விட்டுப்போனவை. நூற்றாண்டுகளாக மனிதர் கண்ணெதிரே தொங்கிய கூட்டில் இருந்த செய்தி இது. இதைத் தெளிவாக எழுதிக் காட்ட, வேலையற்ற ஒருவர் பொறுமையோடு உட்கார வேண்டியிருந்தது. 1931இல் கட்டுரை வெளிவந்தபோது அவரைப் பறவையியலாளர் என்று உலகம் ஏற்றது.

1939இல் தஹ்மினா மரணமானார். அந்தத் துக்கத்தோடும் அவர் காடுகளில் நடப்பதை நிறுத்தவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வந்தது. டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய 10 தொகுதிக் கைநூலில் நம் இலங்கைப் பறவைகளும் உண்டு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முயன்றபோது, சிங்கவால் குரங்குகள் வாழும் அந்த மழைக்காட்டை விட்டுவிடும்படி வேண்டியவர்களில் அவரும் ஒருவர். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்காவானது.

பெயருக்கு முன்னால் வரும் கலாநிதி, கௌரவமாகக் கிடைத்தது. 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் வழங்கியது. 1987 ஜூன் 20ஆம் திகதி தனது 90ஆவது வயதில் காலமானார். அவர் பெயரில் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஆய்வாளராக அங்கே சேரப் பட்டம் வேண்டும்.