சார்காச்சியில் தங்கிவிட்ட துறவி

ஸ்ரீராமகிருஷ்ணரின் துறவிச் சீடர்களுள் மிக நெடுந்தூரம் நடந்தவர் யார் என்று கேட்டால், சுவாமி அகண்டானந்தரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அவரே வாழ்வின் பிற்பகுதியில் ஒரே கிராமப்புறத்தை விட்டு அகலாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இவ்விரண்டும் எவ்வாறு ஒரே மனிதரிடம் பொருந்தின என்பது சிந்திக்கத் தக்கது.

1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், மகாளய அமாவாசையன்று, கல்கத்தாவின் அகிரிடோலா பகுதியில் பிறந்தார். பூர்வாசிரமப் பெயர் கங்காதர். சிறு வயதிலேயே கடும் ஆசாரங்களை மேற்கொண்டவர். நாளொன்றுக்குப் பலமுறை கங்கையில் நீராடுவார்; தம் உணவைத் தாமே சமைப்பார்; வெற்றிலையைத் தீண்டாமல் கடுக்காயை மெல்லுவார். இவை முதியவர்களுக்குரிய வழக்கங்கள் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் அன்போடு சுட்டிக்காட்டியதாக வரலாறு கூறுகிறது. அந்த ஆசாரக் கட்டு பின்னாளில் எவ்வளவு தூரம் தளர்ந்தது என்பதை மேலே காண்போம்.

குருதேவரின் மறைவுக்குப் பின் 1887-இல் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். கையில் பணமில்லை, உடன் துணையில்லை. கேதாரம், பத்ரி ஆகியவற்றைக் கண்டு திபெத்துக்குள்ளும் சென்றார். லடாக்கில் ஒற்றர் என்ற ஐயத்துக்கும் ஆளானார். 1890-இல் திரும்பி வந்து, சுவாமிஜியுடன் அல்மோரா வழியாகப் பயணம் செய்தார். பிறகு இருவரும் பிரிந்தனர். அவரைத் தேடிக்கொண்டே அகண்டானந்தர் குஜராத் வரை சென்றார்.

அங்கே ஜாம்நகரில் அவர் சந்தித்தவர் ஜண்டு பட்டர் என்னும் புகழ்பெற்ற ஆயுர்வேத வைத்தியர். ஏழை நோயாளிகளுக்குப் பொருள் பெறாமல் மருத்துவம் செய்து, உணவும் அளித்தவர் அவர். அவருடைய இல்லத்தில் தங்கிய அகண்டானந்தர் ஆயுர்வேத நூல்களைக் கற்றார். நூல்களைவிட அந்த வீட்டு வாசல் அவருக்கு அதிகம் கற்பித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நோயாளி வைத்தியரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்த அக்காலத்தில், ஒரு வீடே ஊருக்கு மருத்துவமனையாகவும் அன்னசத்திரமாகவும் விளங்கியதை அவர் கண்கூடாகக் கண்டார்.

ராஜபுதனத்தில் வேறொரு காட்சி. அரண்மனைகளின் செல்வச் செழிப்பையும், அவற்றின் நிழலிலேயே கிடந்த மக்களின் வறுமையையும் கண்டு அவர் உள்ளம் வெந்தது. இந்நிலையில் துறவி என்ன செய்வது? அமெரிக்காவிலிருந்த சுவாமிஜிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஊக்கமளிக்கும் பதில் வந்தது. கேத்ரியில் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். 80-ஆக இருந்த பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை 257-ஆக உயர்ந்தது. அரண்மனை அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கல்வி கிட்ட வழி செய்தார்.

1897-ஆம் ஆண்டு. கங்கைக் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கடும் பஞ்சம். தாத்பூர் என்ற சிற்றூரில் ஒரு சிறுமி உடைந்த மண்குடத்தின் அருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் வேறு குடமில்லை. தாய் அடிப்பாள் என்ற அச்சம். சுவாமிகளிடம் இருந்தது நான்கணா மட்டுமே. அதில் ஒரு குடமும் கொஞ்சம் அவலும் வாங்கித் தந்தார். உடனே பசியால் வாடிய ஒரு டஜன் குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். எஞ்சிய காசும் கரைந்தது. அதே ஊரில், கவனிப்பாரின்றிக் கழிவிலேயே கிடந்த ஒரு மூதாட்டியைத் தூய்மைப்படுத்திப் பணிவிடை செய்தார். கடுக்காய் மென்ற அந்தப் பழைய கங்காதரை இங்கே நாம் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துயரத்தைக் கண்டு தாங்க இயலாமல் அவர் மேலே செல்லவே எண்ணினார். ஆனால் கால்கள் நகரவில்லை. ஏதோ ஓர் ஆற்றல் தம்மைப் பிடித்து நிறுத்தியதாகப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். மஹுலா கிராமத்தில் தங்கி, ஆலம்பஜார் மடத்துக்குக் கடிதம் எழுதினார். மே முதல் நாள்தான் கல்கத்தாவில் ராமகிருஷ்ண மிஷன் உருவாகியிருந்தது. 150 ரூபாயுடன் இருவர் துணைக்கு அனுப்பப்பட்டனர். மே 15-ஆம் நாள் அரிசி வழங்கும் பணி தொடங்கியது. மிஷன் முறையாக நடத்திய முதல் நிவாரணப்பணி இதுவே. அல்மோராவிலிருந்த சுவாமிஜி செய்தியறிந்து மகிழ்ந்து கடிதம் எழுதினார்.

பஞ்ச நிவாரணத்துக்கு ஒரு முடிவு உண்டு. மழை பெய்யும், விளைச்சல் வரும், அரிசி கொண்டுவந்தவர்கள் ஊர் திரும்புவார்கள். ஆனால் பெற்றோரை இழந்த சிறுவன் எங்கே திரும்புவான்? காய்ச்சலும் காலராவும் அடுத்த ஆண்டும் வருமே, அப்போது யார் இருப்பார்கள்? அகண்டானந்தரை அங்கேயே நிறுத்தியது இந்தக் கேள்விதான். 1897-லேயே மஹுலாவில் அனாதைச் சிறுவர்களுக்காக ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுமாறும், அவர்களது சமயத்தில் தலையிடாதிருக்குமாறும் சுவாமிஜி எழுதினார். அவ்வாறே நடந்தது.

இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இறைவனை அடைவதே குருதேவரின் உபதேசம். பள்ளியும் மருந்தும் துறவிக்கு எதற்கு என்ற ஐயம் அந்நாளில் சகோதரத் துறவியர் சிலரிடமே இருந்தது. இமயத்தின் தனிமையைச் சுவைத்தவருக்கு இந்த ஐயம் மனத்துக்குள்ளும் எழாமலா இருந்திருக்கும்? வேதாந்தம் பயின்றவர்கள் செயலையும் ஞானத்தையும் பிரித்து வாதிடுவது வழக்கம். அகண்டானந்தர் வாதிடவில்லை. காலரா கண்ட வீட்டுக்குள் நுழைந்தார். நாராயணனே அங்கு நோயாளியாகக் கிடக்கிறான் என்பதே அவருடைய வேதாந்தம்.

ஆசிரமத்துக்குச் சொந்த இடமில்லை. சிவநகரில் ஒரு ஜமீன்தார் குடும்பத்துப் பெண்மணி அளித்த கட்டிடத்தில் சுமார் 13 ஆண்டுகள் நடந்தது. பணம் பெரும்பாலும் இருக்காது. ஊரார் தரும் அரிசியும் காய்கறியும், அன்பர்கள் அனுப்பும் சிறு தொகைகளுமே ஆதாரம். மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ் போன்றோரின் ஆதரவும் கிடைத்தது. அதற்குள்ளேயே பள்ளி, முதியோருக்கு இரவு வகுப்பு, நோயாளிகளுக்கு மருந்து எல்லாம் நடந்தன. சிறுவர்கள் எழுத்தோடு நெசவும் தச்சும் தையலும் கற்றனர். வெளியிலிருந்து வருபவரை நம்பி நிற்காமல், அந்த மண்ணின் பிள்ளைகளே தங்கள் கால்களில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நோயாளியின் அருகே இரவில் விழித்திருப்பதையும் அவர்கள் நூலில் கற்கவில்லை. அவர் செய்வதைக் கண்டு கற்றனர்.

1913-இல் சார்காச்சியில் சொந்த நிலத்துக்கு ஆசிரமம் மாறியது. மிஷனின் முதல் கிராமப்புற மையம் இவ்வாறு நிலைபெற்றது. காய்கறியும் பழமரங்களும் அவர் கைபட வளர்ந்தன. முர்ஷிதாபாத்தின் மலேரியா அவரையும் விடவில்லை. பேலூருக்கு வந்துவிடுமாறு அழைப்பு வந்தபோதெல்லாம் சென்று சில நாட்கள் தங்குவார், திரும்பிவிடுவார். சுற்றியிருந்தோர் அவரைப் பாபா என்றே அழைத்தனர். வங்காளியில் அச்சொல் தந்தையையும் குறிக்கும், சாதுவையும் குறிக்கும். தமிழாக்கம் செய்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆசிரமச் சிறுவர்கள் முதற்பொருளிலேயே அழைத்தார்கள் என்பதால் நான் ‘அப்பா’ என்றே எழுதுவேன்.

ஆண்டுதோறும் அங்கே அன்னபூரணி பூஜை நடைபெற்றது. பஞ்சத்தில் பிறந்த ஆசிரமத்துக்கு வேறெந்த தேவி பொருத்தமானவள்!

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அறுபத்தொன்பது வயதில் அகண்டானந்தர் முங்கேருக்கும் பாகல்பூருக்கும் நேரில் சென்று நிவாரணப்பணிகளைப் பார்வையிட்டார். அதே ஆண்டு சுவாமி சிவானந்தரின் மகாசமாதிக்குப் பின் ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் மூன்றாம் தலைவரானார். தலைவர் ஆனபின்னும் பெரும்பாலும் சார்காச்சியிலேயே வசித்தார். தீட்சை பெற விரும்பியோர் அந்தக் கிராமத்தைத் தேடிச் சென்றனர்.

1937 பிப்ரவரியில் உடல்நிலை மிகவும் மோசமடைந்தபோது அவரைச் சார்காச்சியிலிருந்து அழைத்து வந்தார்கள். 7-ஆம் நாள் பேலூர் மடத்தில் உடலைத் துறந்தார். சார்காச்சியில் பள்ளியும் மருந்தகமும் அவருக்குப் பின்னும் தொடர்ந்தன.