கார் ஜன்னலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காரில் போயிருக்கீங்களா? விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் வண்டி வேகம் எடுக்கும். அப்போது பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு காத்துக்காக ஒரே ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. காதுக்குள்ளே யாரோ தலையணையால் அடிக்கிற மாதிரி ‘வுப் வுப் வுப்’ என்று ஒரு அதிர்வு வரும். அது பாட்டும் இல்லை, இன்ஜின் சத்தமும் இல்லை. எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினால் சட்டென்று அடங்கிவிடும்.

நடப்பது இதுதான். காருக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஜன்னல் இடுக்கில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் மாட்டிய எடை. வெளியே ஓடும் காற்று அதைத் தட்டிவிட, எடை உள்ளேயும் வெளியேயும் ஆட ஆரம்பிக்கிறது. கடையில் போய் சப்வூஃபர் கேட்டால், பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு உள்ளே குழாய் வைத்த ஒன்றைக் காட்டுவாங்களே, ‘போர்ட்டட்’ என்று, அதற்குள் நடப்பதும் இதேதான். ஓட்டையே இல்லாமல் முழுசாக மூடிய பெட்டி ‘சீல்டு’. எதை வாங்கலாம் என்ற சண்டை எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லத் தகுதியான மனுஷன் 1894-லேயே செத்துப்போய்விட்டார். அவர் பெயர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் சப்வூஃபரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கதை தெரிந்தால் எந்தப் பெட்டி என்று நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

1821 ஆகஸ்ட் 31-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்தில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்கு ஆசை இயற்பியல் மேல். வீட்டில் அதற்குக் காசு இல்லை. இயற்பியல் படித்தால் சோறு கிடைக்குமா என்ற கேள்வி அப்போதும் இருந்தது. பெர்லினில் ராணுவ டாக்டர்களை உருவாக்கும் ஒரு கல்லூரி இருந்தது. படிப்பு இலவசம். பதிலுக்கு எட்டு வருஷம் ராணுவத்தில் டாக்டராக வேலை செய்யணும். 1838-ல் அதில் சேர்ந்தார். கவுன்சிலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காமல், கிடைத்த பிரிவில் வந்து உட்கார்ந்திருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

ஆனால் மனுஷன் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. மருத்துவம் படித்துக்கொண்டே கணிதத்தையும் இயற்பியலையும் தானாகவே படித்தார். 1843-ல் போட்ஸ்டாமில் படைப்பிரிவு டாக்டராகப் போனபோது, பாசறைக்குள்ளேயே ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் வைத்துக்கொண்டார். தசை சுருங்கும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது என்று தவளைத் தசையில் அளந்தார். உயிருள்ள உடம்பில் தனியாக ஏதோ ஒரு உயிர்ச்சக்தி வேலை செய்கிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அப்படி எதுவும் தேவையில்லை, உள்ளே போகும் ஆற்றல்தான் வேறு உருவத்தில் வெளியே வருகிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்ட நினைத்தார்.

1847 ஜூலை 23-ல் பெர்லின் இயற்பியல் கழகத்தில் அந்தக் கட்டுரையை வாசித்தார். வயது 26 கூட ஆகவில்லை. ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது, அழிக்கவும் முடியாது, உருவம்தான் மாறும் என்பதைக் கணித வடிவத்தில் வைத்த கட்டுரை அது. மேயரும் ஜூலும் தனித்தனி வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். அன்றைக்குப் பெரிய பெயர் வாங்கிய இயற்பியல் இதழின் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைச் சின்னப் புத்தகமாகத் தனியாக அச்சிட்டார். முதல் செமஸ்டரில் நாம் ஒரே வரியில் எழுதி இரண்டு மார்க் வாங்குகிற விதி அது.

அந்தக் கட்டுரை அவருக்கு ஒரு நல்லதும் செய்தது. 1848-ல் பாண்டு முடியும் முன்பே அவரை ராணுவத்திலிருந்து விடுவித்தார்கள். 1849-ல் கோனிக்ஸ்பர்கில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய சொந்த ஆசிரியர் நினைத்திருந்தார். சிஷ்யர் தவளை நரம்பில் அதை அளந்து காட்டினார். மின்னல் வேகம் எல்லாம் இல்லை, நொடிக்குச் சில பத்து மீட்டர்தான். 1851-ல் கண்ணுக்குள்ளே விழித்திரையைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜில் உங்கள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் டாக்டர் கையில் இருப்பது அதன் வாரிசு.

அதற்குப் பிறகு காது பக்கம் திரும்பினார். ஒரு வயலினும் ஒரு புல்லாங்குழலும் ஒரே சுரத்தை வாசித்தாலும் எது எது என்று நம்மால் சொல்ல முடிகிறதே, எப்படி? ஒவ்வொரு இசை ஒலிக்குள்ளும் பல ஒலிகள் ஒளிந்திருக்கின்றன என்பது தெரியும். ஆனால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க மைக் இல்லை, ஆஸிலோஸ்கோப் இல்லை, ஆப் இல்லை. அவர் கையில் எடுத்தது உள்ளே ஒன்றுமில்லாத உருண்டை. கண்ணாடியிலும் பித்தளையிலும் செய்த உருண்டை, ஒரு பக்கம் வாய், எதிர்ப்பக்கம் காதில் செருகுகிற சின்ன மூக்கு. காதுக்குப் பொருந்த அந்த மூக்கில் மெழுகு ஒட்டிக்கொள்வார். ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் துடிக்கும். அந்தச் சுருதி வெளி ஒலியில் இருந்தால் காதில் ‘ங்’ என்று பெரிதாகக் கேட்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். உருண்டைகளை மாற்றி மாற்றி வைத்து ஒலியைக் கூறு போட்டார்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் வரும் சத்தம் அதே கதைதான். பாதி சோடா இருக்கும்போது சத்தம் மெல்லிசாக வரும், குடிக்கக் குடிக்கத் தடித்துக்கொண்டே போகும். உள்ளே காற்றுக்கு இடம் கூடினால் சுருதி இறங்கும். கழுத்து நீளமானாலும் இறங்கும். வாய் அகலமானால் ஏறும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு சொல்வது மொத்தம் இவ்வளவுதான்.

வேலை நடந்த காலம் லேசான காலம் இல்லை. 1859-ல் அப்பா போனார். அதே வருஷம் டிசம்பரில் மனைவி ஓல்கா இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார். 1861-ல் ஆன்னாவை மறுமணம் செய்துகொண்டார். 1863-ல் ஹைடல்பர்கில் இருந்தபடி இசை ஒலிகளைக் காது உணர்வது பற்றிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். டாக்டருக்குப் படித்ததால் காதின் உள்ளமைப்பு தெரியும், தானாகப் படித்ததால் கணிதம் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் அந்தப் புத்தகம் வந்தது.

புத்தகம் போய்ச் சேர்ந்த இடங்கள் சுவாரசியமானவை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் மின்சாரத்தால் இசைக்கவைகளை ஆட்டி உயிரெழுத்து ஒலிகளை உண்டாக்கியதைப் படித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஜெர்மன் சரியாகத் தெரியாததால் தப்பாகப் புரிந்துகொண்டார். உயிரெழுத்துகளைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டார் என்று நினைத்தார். அப்படியானால் பேச்சையே அனுப்பலாமே என்று கிளம்பியவர்தான் 1876-ல் டெலிபோன் காப்புரிமை வாங்கினார். அரியர் வைக்கிற அளவுக்குத் தப்பான புரிதல், ஆனால் லாபம் உலகத்துக்கு.

இன்னொரு பிரதி நம்ம ஊர்ப் பையன் கைக்கு வந்தது. திருவானைக்காவலில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆர்வம் அவரை மிருதங்கம் வரை கொண்டுவந்தது. சாதாரணத் தோல் முரசில் ஒத்துப்போகாத மேல்சுரங்கள், மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசிய கருப்புக் கரணையால் சுருதிக்குள் வந்து உட்காருகின்றன என்று 1920-லும் 1934-லும் எழுதிக் காட்டினார்.

மிருதங்கம் என்றதும் நம்ம சண்டைக்கு வந்துவிடலாம். மிருதங்கம் இரண்டு பக்கமும் தோல் மூடிய பெட்டி, அதாவது சீல்டு. மானாமதுரைக் கடம் வாய் திறந்த பெட்டி, அதாவது போர்ட்டட். கடம் வாசிப்பவர் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைப் பார்த்திருப்பீங்க. நீங்கள் கடையில் நின்று எடுக்க வேண்டிய முடிவை அவர் கச்சேரியில் நிமிஷத்துக்குப் பத்து முறை எடுக்கிறார்.

ஒலிபெருக்கியின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு பக்கத்து அலைகளும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சீல்டு பெட்டி பின்பக்க அலையை உள்ளேயே அடைத்துவைக்கிறது. அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகிக் கோனைப் பிடித்து நிறுத்துகிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-ல் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பியே சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் கொண்டுவந்தார். விலை? அதிக வாட் தின்னும்.

போர்ட்டட் பெட்டி பின்பக்க அலையை வீணாக்குவதில்லை. 1930-ல் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. ட்யூன் செய்த அதிர்வெண்ணில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். குழாயில் இருக்கும் காற்றுதான் பாஸ் கொடுக்கும். அதே வாட்டுக்குச் சத்தம் கூட வரும். விலை? ட்யூனிங்குக்குக் கீழே போனால் கோனைப் பிடிக்க ஸ்பிரிங் இல்லை, கண்டபடி ஆடும். சத்தமும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரியும். சீல்டில் அது 12 தான். போதாததற்கு, ஆடத் தொடங்கிய குழாய்க் காற்று நிற்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

கணக்கும் பார்த்துவிடுவோம். 60 லிட்டர் பெட்டி, 10 சென்டிமீட்டர் உள்விட்டக் குழாய். 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, முனைத் திருத்தம் போக, சுமார் 36 சென்டிமீட்டர் குழாய் வேண்டும். 25 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 55. ஐந்தே ஐந்து ஹெர்ட்ஸ் இறங்க ஒரு சாண் குழாய் கூடுதல். பெட்டிக்குள் அதற்கு இடம் எங்கே? சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் பெரிய சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் கேட்க முடியும். மூன்றும் தருகிறேன் என்று பெட்டி மேல் அச்சடித்திருந்தால் 1847 கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்க.

அப்போ எதை வாங்குவது? பத்துக்குப் பத்து ரூம், பெரும்பாலும் பாட்டு என்றால் சீல்டு. பத்தடி அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பாஸைத் தூக்கிக் கொடுக்கும். சீல்டு பெட்டியின் மெதுவான சரிவுக்கு அது பெரும்பாலும் ஈடு கட்டிவிடும். தவில் அடியும் மிருதங்க அடியும் அடித்த இடத்தில் நிற்கும். காலேஜ் செமினார் ஹாலில் படம் போட, வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கணும் என்றால் போர்ட்டட். மயிலம் திருவிழா மாதிரி திறந்த வெளி என்றாலும் போர்ட்டட்தான், அங்கே உதவிக்கு அறை இல்லை. ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே வெட்டிவிடும் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க. போர்ட்டட் என்றாலே கொழகொழ என்று இருக்கும் என்பதும் உண்மையில்லை. ஒழுங்காக ட்யூன் செய்யாத பெட்டிதான் அப்படி.

ஏற்கெனவே போர்ட்டட் வைத்திருக்கிறவர்கள் இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யலாம். துவைத்த சாக்ஸைச் சுருட்டிக் குழாய் வாயை அடைத்து, அளவான சத்தத்தில் அதே பாட்டைக் கேளுங்க. பாஸ் குறையும், ஆனால் அடி சுத்தமாகும். முழு சீல்டு ஆகிவிடாது என்றாலும், உங்கள் காதுக்கு எது வேண்டும் என்று காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1871-ல்தான் பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். ஆசைப்பட்ட துறைக்கு வந்து சேரும்போது வயது 49, 50. அங்கே அவரிடம் படித்தவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளை நிரூபித்த அந்த மாணவர் 1894 ஜனவரி 1-ல், 36 வயதில் இறந்தார். அவருடைய கடைசிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதும் வேலை குருவுக்கு வந்தது. முந்தைய வருஷம் அமெரிக்கா போய்த் திரும்பும்போது கப்பல் படியில் விழுந்து அடிபட்டிருந்த குருவும், அதே 1894 செப்டம்பர் 8-ல் போய்ச் சேர்ந்தார்.

சப்வூஃபர் அட்டைப்பெட்டியில் 30 ஹெர்ட்ஸ் என்று படிக்கும்போது மாணவர் பெயரைப் படிக்கிறீங்க. அந்த 30-ஐ முடிவு செய்யும் குழாய் குருவுடையது. அடுத்த தடவை கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம் நெருங்கும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க. பக்கத்தில் இருப்பவர் காது வலிக்கிறது என்று திட்டினால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இன்னொரு கண்ணாடியையும் இறக்கிவிடுங்க.