சென்னைக் கோட்டைத் தலைவரும் கிருஷ்ணை ஆற்று வைரமும்

மயிலாப்பூர், தியாகராயநகர் நகைக்கடைகளில் வைரத் தோடும் மூக்குத்தியும் வாங்கும் நம் குடும்பத்தார், ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கு வைரம் புறப்பட்ட வாயில்களுள் நம் சென்னையும் ஒன்று என்பதை அறிந்திருத்தல் நலம். அவ்வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டி, அதனாலேயே பழியும் சுமந்த ஒருவரின் வரலாறு இது.

தாமஸ் பிட் 1653-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் டார்செட் பகுதியில், சமய குருவின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே இந்தியா போந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இசைவின்றித் தனி வாணிகம் புரிந்தார். கம்பெனி அவர்மீது வழக்குத் தொடுக்க, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் அவருடைய திறமையை அடக்க இயலாத அதே கம்பெனி, 1698-இல் அவரையே புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக அமர்த்தியது. 1709 வரை அவர் அப்பதவியில் இருந்தார். 1702-இல் முகலாயப் படைத்தலைவர் தாவூத் கான் சாந்தோமில் பாசறை அமைத்துக் கோட்டையை முற்றுகையிட்டபோது அதனைக் காத்து நின்றார். 1708-இல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் கம்பெனியின் வசமானதும் அவர் காலத்திலேயாம்.

இனி, வைரம் பிறக்கும் வகையைக் காண்போம். வைரம் தூய கரியே. புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரியணுக்கள் இறுகி வைரமாகின்றன. அவற்றுள் பல, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. எரிமலைக் குழம்பு அவற்றை மேலே கொணர்கிறது. பின்னர் மழையும் ஆறும் பாறையைக் கரைத்து, வைரங்களைக் கூழாங்கற்களிடையே சேர்க்கின்றன. கிருஷ்ணை ஆற்றங்கரையில் கொல்லூர் முதலிய இடங்களில் மண்ணை அகழ்ந்து, கழுவி, உலர்த்தி, சலித்து வைரம் எடுத்தனர். நம் இளங்கோவடிகளும் மதுரை மணிக்கடைத் தெருவைப் பாடுமிடத்து, வைரத்தின் குற்றங்களை ஆராய்ந்தறியும் வணிகர் திறத்தைக் குறித்துள்ளார். பிரேசிலில் 18-ஆம் நூற்றாண்டில் வைரம் கிடைக்கும் வரை உலகிற்கு வைரம் அளித்தது பெரும்பாலும் நம் நாடே.

சுரங்கத்தில் எடுத்த கல் வணிகர் கைமாறிச் சென்னைக்கு வந்தது. இலண்டன் நகரத்து யூத வணிகர் மத்தியதரைக் கடற் பவளத்தையும் வெள்ளியையும் அனுப்பி, மாற்றாக வைரத்தைப் பெற்றனர். ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு அவ்வாணிகத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

1701-ஆம் ஆண்டின் இறுதியில் ஜாம்சந்த் என்னும் வைர வணிகர் தீட்டப்படாத பெருங்கல் ஒன்றைப் பிட்டிடம் காட்டினார். அக்காலத்தில் வைரத்தை மஞ்சாடி எடையில் நிறுத்தனர். அக்கல் ஏறத்தாழ 410 காரட். அதாவது பத்துச் சவரன் எடைக்கும் மேல். வணிகர் இரண்டு இலட்சம் வராகன் கேட்டார். பிட் 30,000 தர முன்வந்தார். பலமுறை பேசி, முடிவில் 48,000 வராகனுக்கு வாங்கினார். தம் மூத்த மகன் இராபர்ட் வழியாக அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்குத் தீட்டிய பின் அது ஏறத்தாழ 140 காரட்டாக நின்றது.

இந்நிலையில் வதந்தி எழுந்தது. சுரங்கத்து அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்து அக்கல்லை மறைத்துக் கொணர்ந்தான் என்றும், கப்பல் தலைவன் அவனைக் கொன்று கடலில் எறிந்தான் என்றும் கூறினர். பிட் அதனை வஞ்சகமாகப் பெற்றார் என்றும் பேசினர். பெரிய கற்கள் அரசருக்கே உரியவை என்ற வழக்கு இருந்தமையால் ஐயம் வலுப்பெற்றது. தாயகம் திரும்பும் வழியில், 1710-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் தங்கிய பிட், தாம் நேர்மையாக விலை கொடுத்தே வாங்கியதாக இறைவனைச் சான்றாக்கி எழுதி வைத்தார்.

அடிமையின் கதைக்குச் சான்று இல்லை. ஆயினும் சுரங்கத் தொழிலாளரின் வறுமைக்குச் சான்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, தக்காணச் சுரங்கமொன்றில் தொழிலாளி ஆண்டு முழுதும் உழைத்துப் பெற்றது மூன்று வராகனே என்று எழுதியுள்ளார். அக்கூலியில் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், பிட் கொடுத்த விலையை எட்ட 16,000 ஆண்டுகள் வேண்டும்! களவு நிகழாத வாணிகத்திலும் அநீதி உறையக்கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

1717-இல் பிரான்சின் அரசப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுனுக்கு அதனை வாங்க இசைந்தார். அதனால் அது ரீஜென்ட் வைரம் எனப் பெயர் பெற்றது. பதினைந்தாம் லூயியின் முடியிலும், பின்னர் நெப்போலியனின் வாளிலும் ஒளிர்ந்த அக்கல், 1887 முதல் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்திற்கு உரியதாயிற்று.

பிட் 1726-இல் மறைந்தார். அவருடைய பெயரனும், அப்பெயரனின் மகனும் இங்கிலாந்தின் பிரதம அமைச்சராயினர். பொருளும் புகழும் அவர் குடிக்குக் குறைவின்றி வந்தன. பழியோ அவர் மறைந்த பின்னரும் ஓயவில்லை. கொல்லூர்ச் சுரங்கம் இன்று புலிச்சிந்தலா நீர்த்தேக்கத்தின் கீழ் மூழ்கிக் கிடக்கிறது. அங்கு மண் சுமந்தோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வைரம் வாங்கச் செல்வோர் ஒளியையும் குற்றத்தையும் ஆராய்வதோடு, அது வந்த வழியையும் வினவுதல் அறமாகும்.